எத்தனை அங்குலம் என்பது கடைசிக் கேள்வி

பிக்கப் வண்டியை உயர்த்த வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மனதில் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள். மூன்று அங்குலம் வேண்டும் என்பார்கள், நான்கு கிடைக்குமா என்பார்கள். லிஃப்ட் கிட் விற்பவர்களும் பெட்டியின் மேல் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது ஒன்றுதான்: அந்த எண்ணைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். வண்டி எவ்வளவு எடையை நிரந்தரமாகச் சுமக்கப்போகிறது, எந்த மாதிரிச் சாலையில் பெரும்பாலும் ஓடப்போகிறது என்ற இரண்டுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், உயரம் தானாகவே ஒரு சிறிய எல்லைக்குள் வந்து நின்றுவிடும். முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள நடுத்தர பிக்கப்புகளில் அந்த எல்லை இரண்டு முதல் இரண்டரை அங்குலம். அதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் வண்டி வேறெங்கோ விலை கொடுக்கிறது.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மிக அதிகமாக உயர்த்தப்படும் நடுத்தர பிக்கப்புகளில் ஒன்று டொயோட்டா டக்கோமா. 2005 முதல் 2015 வரை வந்த இரண்டாம் தலைமுறையும், 2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறையும் அடிப்பக்கத்தில் நெருங்கிய உறவுக்காரர்கள். முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலொன்று கீழொன்றாக இரண்டு ஆர்ம்கள், அவற்றுக்கு நடுவே ஷாக் அப்சார்பரைச் சுற்றி நிற்கும் காயில் ஸ்பிரிங். பின்னால் ஒரே ஆக்சில், அதன் மேல் கமான் பட்டை. (2024இல் தொடங்கிய நான்காம் தலைமுறையின் பெரும்பாலான வகைகளில் பின்னாலும் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. அதன் கணக்கு வேறு, இங்கே அதைத் தொடவில்லை.) முன்பக்க ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரமோ அந்த ஆர்மின் நுனியில். ஏற்றமரத்தின் நடுப்பகுதி சிறிது அசைந்தால் நுனி நிறைய எழுவதைப் போல, ஸ்பிரிங் பக்கம் ஓர் அங்குலம் மாறினால் சக்கரப் பக்கம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் மாறும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கடையில் வைத்திருக்கும் கிட்களில் பாதியைத் தள்ளிவிடலாம்.

சக்கரம் மேலும் கீழுமாகப் போய்வரும் தூரத்துக்கு ஒரு முடிவு உண்டு. கணக்குக்காக அந்த மொத்தத் தூரம் எட்டு அங்குலம் என்றும், கம்பெனியிலிருந்து வரும்போது வண்டி சரியாக நடுவில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மேலே நான்கு, கீழே நான்கு. மூன்று அங்குலம் உயர்த்தினால் கீழே இறங்க மிஞ்சுவது ஒன்றே ஒன்று. எந்த கிட்டும் அந்த எட்டை அவ்வளவாகக் கூட்டுவதில்லை, ஏனென்றால் கீழே எல்லை வகுப்பது ஷாக் மட்டுமில்லை. பால் ஜாயின்ட் எவ்வளவு சாயும், சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஷாஃப்ட் எவ்வளவு கோணத்தில் மடங்கும் என்பவையும்தான். உயர்த்துகிறோம் என்றால், ஏற்கெனவே இருக்கும் தூரத்தில் வண்டி நிற்கும் இடத்தை நகர்த்துகிறோம் என்றே பொருள். கரடான பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட்டால்தான் பிடிப்பு. இறங்க இடமில்லாத சக்கரம் காற்றில் தொங்கும். கரடுமுரடுக்காக உயர்த்தப்பட்ட வண்டி, அந்தக் கரடுமுரடிலேயே கம்பெனி உயரத்தில் நிற்கும் வண்டியைவிடச் சீக்கிரம் சக்கரத்தைத் தூக்கிவிடுவது இதனால்தான்.

மிக மலிவான வழி ஸ்பேசர். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பின் தலையில் ஒரு தடித்த வளையத்தை வைத்து போல்ட் போடுவது. ஸ்பிரிங் மாறவில்லை, ஷாக் மாறவில்லை, ஓட்டும்போது பழைய மாதிரியே இருக்கிறது, பிறகென்ன குறை என்று கேட்பவர்களுக்கு அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றே பதில் சொல்வேன். தார்ச்சாலையில் மட்டும் போகிற வண்டிக்கு, ஓர் அங்குலம் அளவுக்கு மூக்கை எடுத்து நிறுத்த, நல்ல ஸ்பேசர் போதும். மூன்று அங்குலத்துக்கு அதையே நம்பும்போதுதான் ஆபத்து. ஸ்பேசர் ஷாக்கின் முழு இயக்கத்தையும் கீழே தள்ளிவிடுகிறது. சக்கரம் தொங்கும்போது மேல் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் முட்டும். சக்கரம் மேலே ஏறும்போது, சட்டத்தில் இருக்கும் ரப்பர் தடுப்பை ஆர்ம் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடிமுட்டக்கூடும். அந்த அடியை வாங்குவதற்காக வைத்த ரப்பர் சும்மா நிற்க, ஷாக்கும் அதன் மேல்முனைத் தாங்கியும் வாங்கிக்கொள்கின்றன. இந்தச் சேதம் வாரக்கணக்கில் தெரியாது. தெரிய வரும்போது எண்ணெய் கசிந்திருக்கும்.

இதற்கு அடுத்த படி, ஸ்பிரிங்கின் அடித்தட்டை உயர்த்தக்கூடிய ஷாக்குகள். பில்ஸ்டீன் 5100 இதில் பேர் பெற்றது. உடலில் வெட்டிய பள்ளங்களில் ஒரு வளையத்தை மாற்றி மாட்டி உயரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். திருகி உயர்த்தும் காயில் ஓவர்களும் அதே கொள்கைதான். இங்கே ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்பது. ஒரே சீரான ஸ்பிரிங்கின் கடினத்தன்மை இறுக்குவதால் மாறுவதில்லை. வண்டியின் எடை அதேதான் என்பதால், நின்ற நிலையில் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் அளவும் அதேதான். மாறுவது உயரம், கூடவே ஷாக் முழுதாக நீண்ட நிலைக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பது. மேல் பள்ளத்தில் வைத்தவர்கள் "வண்டி கடினமாகிவிட்டது" என்று சொல்வது, ஷாக் ஒவ்வொரு குழியிலும் முழு நீளத்துக்கு இழுபட்டு மேல்முட்டும் அடியைத்தான். அதற்கு மருந்து வேறு ஷாக் இல்லை, குறைந்த உயரம், அல்லது அந்த எடைக்கும் உயரத்துக்கும் சுற்றிய ஸ்பிரிங். இந்த ஷாக்கோடு தலையில் ஸ்பேசரையும் சேர்த்து அடுக்குகிறவர்கள் உண்டு. இரண்டின் குறைகளும் ஒன்றாக வந்து சேரும். அப்படி ஒரு வண்டி வந்தால் முதல் வேலையாக ஸ்பேசரைக் கழற்றச் சொல்வேன்.

உயரம் கூடும்போது மேல் ஆர்ம் என்ன செய்கிறது என்பதைத்தான் வாங்குகிறவர்கள் குறைவாகவே யோசிக்கிறார்கள். வண்டி எழும்போது சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் குறைகிறது. அலைன்மென்ட் செய்பவர்கள் இதைக் காஸ்டர் என்பார்கள். காஸ்டர் குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும், திருப்பிவிட்டு விட்டால் தானாகத் திரும்பி வராது. பெரிய டயர் போட்டால் இது இன்னும் மோசமாகும். கீழ் ஆர்மில் உள்ள சரிசெய்யும் போல்ட்டை எவ்வளவு திருப்பினாலும் இரண்டரை அங்குலத்துக்கு அப்பால் இழந்ததை முழுதாக மீட்க முடிவதில்லை. வேறு கோணத்தில் செய்த மேல் ஆர்ம் அப்போது ஆடம்பரம் இல்லை, தேவை. இதற்கு வெளியாள் சாட்சி வேண்டுமென்றால் டொயோட்டாவே தந்திருக்கிறது. 2022 மாடல் டக்கோமா டிஆர்டி புரோவை நிறுவனம் முன்னால் 1.5 அங்குலம், பின்னால் அரை அங்குலம் உயர்த்தியது. வெறும் ஒன்றரை அங்குலத்துக்கே மேல் ஆர்மைப் புதிதாக வடிவமைத்தது. எல்லாச் சோதனை வசதியும் உள்ள தயாரிப்பாளர் அவ்வளவில் நின்றுகொள்ளும்போது, அதே வண்டியில் பழைய ஆர்மோடு மூன்றரை அங்குலம் ஒன்றும் செய்யாது என்று சொல்லும் பெட்டியை நான் நம்புவதில்லை.

சிவி ஷாஃப்டும் இதே கதைதான். இந்த டக்கோமாக்களில் சக்கரத்தின் மையத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடு கிடையாது. துண்டிப்பு டிஃபரென்ஷியலுக்குள் நடக்கிறது. ஆகவே நான்கு சக்கர ஓட்டத்தில் இல்லாதபோதும் சிவி ஷாஃப்டுகள் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டேதான் இருக்கும். கோணம் கூடியபடி ஆயிரக்கணக்கான மைல் சுழலும்போது ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன, கிரீஸ் வெளியே தெறிக்கிறது. முன் டிஃபரென்ஷியலின் ஓட்டுநர் பக்கத்தில் ஷாஃப்ட் ஓர் ஊசி பேரிங்கில் தாங்கப்படுகிறது. உயர்த்திய வண்டிகளில் அது தேய்ந்து அதிர்வு தருவது டக்கோமா வட்டாரத்தில் நன்கு தெரிந்த நோய். அதற்கென்றே மாற்று புஷ் செய்து விற்கும் தொழிலே எழுந்திருக்கிறது. டிஃபரென்ஷியலை ஓர் அங்குலம் இறக்கினால் போதுமே என்பார்கள். கோணம் சிறிது குறையும், மறுக்கவில்லை. ஆனால் கிடைத்த உயரத்தில் ஒரு பங்கை அடிப்பகுதியில் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி எடை. தேர்வின் நடு இதுதான், ஆனால் பலரும் வேகமாகத் தாண்டிப் போகும் இடமும் இதுதான். இந்த வண்டிக்கு விற்கும் காயில் ஓவர்களில் அங்குலத்துக்கு 600 பவுண்டு கடினத்தன்மை உள்ள ஸ்பிரிங் வழக்கமானது. ஸ்பிரிங் அசைவு சக்கர அசைவில் 0.55 பங்கு என்று கொண்டால், அந்தப் பங்கை அதனோடே பெருக்கி 600ஆல் பெருக்க, சக்கரத்தில் அங்குலத்துக்குச் சுமார் 180 பவுண்டு வரும். இப்போது முன்னால் ஓர் இரும்பு பம்பர், ஒரு வின்ச், இன்னொரு பேட்டரி வைக்கிறோம். மூன்றும் சேர்ந்து 250 பவுண்டைத் தாண்டிவிடும். அதோடு, பம்பரும் வின்ச்சும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் முன்சக்கரங்களின் மேல் விழும் பாரம் அவற்றின் சொந்த எடையைவிடக் கூடுதல். ஒரு சக்கரத்துக்கு 140 பவுண்டு என்று வைத்தால் முக்கால் அங்குலம் இறங்குகிறது. இரண்டரை அங்குலத்துக்கு வாங்கிய கிட் ஒன்றே முக்கால்தான் தருகிறது, பிரேக் பிடித்தால் மூக்கு இன்னும் ஆழமாகக் குனிகிறது. அப்போது கோபத்தில் வளையத்தை மேலும் இறுக்குகிறார்கள். இறங்கியது கடினத்தன்மை போதாததால், இறுக்குவதோ உயரத்தை மட்டும் மாற்றுகிறது. அந்த எடைக்கு உரிய ஸ்பிரிங்கை முதலிலேயே கேட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இதைக் கேட்டதும் சிலர் மறுபக்கத்துக்குத் தாவுகிறார்கள். பம்பர் எப்படியும் அடுத்த ஆண்டு வரும், இப்போதே கனமான ஸ்பிரிங்கை வாங்கிவிடலாமே என்கிறார்கள். வேண்டாம். எடையில்லாத மூக்கில் கனமான ஸ்பிரிங் எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கும், ஷாக் மேல்முட்டும், சிவி கோணம் கூடும், மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். ஓராண்டு அப்படி ஓட்டினால் புதுப் பாகங்களுக்கு ஓராண்டுத் தேய்மானம் வீண். பம்பரை முதலில் வாங்கிப் பொருத்துங்கள், வண்டியின் பின்பெட்டி மேல் கூண்டு போடுவதாக இருந்தால் அதையும். பிறகு எரிபொருளை நிரப்பி, வழக்கமாகப் பயணம் போகும் சாமான்களோடு, எடை மேடையில் ஏற்றுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கும் கேட் எடை மேடைகள் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாகக் காட்டும். அந்த இரண்டு எண்களும் உள்ள சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்பிரிங் கேட்கப் போனால் விற்பவரால் உங்களை ஏமாற்ற முடியாது. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் அப்போதே படியுங்கள். பல இரட்டைக் கேபின் டக்கோமாக்களில் ஆட்கள் உட்பட ஏற்றக்கூடிய மொத்த எடை 1,000 பவுண்டைச் சற்றே தாண்டியது. லிஃப்ட் கிட் எதுவும் அந்த எண்ணை உயர்த்துவதில்லை. வண்டியை நிமிர்த்தி நிறுத்துவது வேறு, சட்டமும் ஆக்சிலும் பிரேக்கும் தாங்குவது வேறு.

பின்பக்கத்துக்கு வருவோம். 2014இல் டொயோட்டா அமெரிக்காவில் 2005 முதல் 2011 வரையிலான சுமார் 6,90,000 டக்கோமாக்களைப் பின் கமான் பட்டைகள் உடையக்கூடும் என்பதற்காகத் திரும்ப அழைத்தது. எனவே பழைய வண்டியை வாங்கி உயர்த்துகிறவர்கள் அந்தப் பட்டையைப் பார்க்காமல் அதன் மேல் எதையும் அடுக்கக் கூடாது. பின்னால் உயர்த்த மூன்று வழிகள் உண்டு: ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது, இருக்கிற அடுக்கில் ஒரு பட்டையைச் சேர்ப்பது, முழு அடுக்கையும் மாற்றுவது. ஓர் அங்குலக் கட்டை பொறுத்துக்கொள்ளக்கூடியது. உயரமான கட்டை வைத்தால் ஆக்சில் முறுக்கும்போது பட்டையை வளைக்கும் நெம்புகோல் நீளமாகி, முடுக்கும்போது பின்பக்கம் துள்ளும். கட்டையின் மேல் கட்டை வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. சேர்க்கும் பட்டை குட்டையாகவும் தடித்தும் இருந்தால் எடை தாங்கும், ஆனால் வெறும் வண்டியில் முதுகு நோகும். நீளமான பட்டை இதைவிட மேல். நிரந்தரமாகச் சுமை ஏற்றுகிறவருக்கு முழு அடுக்கே சரி. செலவு கூடுதல்தான், ஆனாலும் முன்பக்கத்தில் ஒளிரும் விலையுயர்ந்த ஷாக்குக்குப் போகும் பணத்தில் பாதியைப் பின்பக்கப் பட்டைக்குத் திருப்பினால் வண்டி முழுதுமே நன்றாக ஓடும் என்பது என் தீர்ப்பு. யூ போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இறுகி நீண்ட போல்ட் இரண்டாம் முறை அதே பிடியைத் தராது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள வண்டிகளில் நடு பேரிங்கைச் சிறிது இறக்காவிட்டால் புறப்படும்போது அதிர்வு வரும். முதல் தலைமுறை டக்கோமா போன்ற பழைய வண்டிகளில் சுமையைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும். வண்டி உயர்ந்தால் சுமை இல்லை என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் தாங்கியையும் உயர்த்தினாலொழிய வேலை முடிந்ததாகாது.

முன்னும் பின்னும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும் என்ற ஆசையையும் சற்று அடக்குங்கள். கம்பெனி வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நிற்பது சுமை ஏறினால் மட்டமாகட்டும் என்பதற்காக. வெறும் வண்டியை மட்டமாக்கிவிட்டால் சுமை ஏறிய அன்று மூக்கு வானம் பார்க்கும், முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அரை அங்குலமாவது பின்பக்கம் உயர்ந்து நிற்கட்டும்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பெரிய டயர் போட வேண்டும், அதற்கு உயரம் வேண்டாமா? டயர்தான் உண்மையான தரை இடைவெளியைத் தருகிறது என்பதில் இவர்கள் சரி. பின் ஆக்சிலின் வயிறு எந்த லிஃப்ட் கிட்டாலும் ஒரு மில்லிமீட்டர் உயராது, டயரின் விட்டம் கூடினால் மட்டுமே உயரும், அதுவும் கூடியதில் பாதி. 265/70, 17 அங்குல ரிம்முக்கான டயரின் விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர், 285/70 என்றால் சுமார் 831. ஆக்சில் உயர்வது 14 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103க்கு மேல். ஆனால் அந்தப் பெரிய டயர் எங்கே உரசுகிறது என்று பார்த்தால் வாதம் தளர்ந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையில் சக்கரம் மேலே ஏறும்போது, கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கியின் முனையில்தான் அது உரசுகிறது. எவ்வளவு உயர்த்தினாலும் சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் அதே பாதையில் அதே இடத்துக்குத்தான் வரும். ஆகவே இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் நான்கு உயர்த்தினாலும், அந்த டயருக்கு அந்தத் தாங்கியின் முனையை வெட்டி மூடிப் பற்றவைத்தே ஆகவேண்டும். வெட்ட மனமில்லை என்றால் சிறிய டயரே சரியானது.

இதையெல்லாம் தீர்க்க ஆறு அங்குல கிட்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். கீழ் ஆர்ம்கள் பிணையும் குறுக்குச் சட்டத்தையும் டிஃபரென்ஷியலையும் சேர்த்தே கீழிறக்கி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை நீளமாக்கி, கோணங்களைப் பழையபடி வைத்துவிடுகிறார்கள். வடிவக்கணக்கு நியாயமானதே. ஆனால் முன்வயிற்றின் கீழே அந்தப் புதுக் குறுக்குச் சட்டம் தொங்குகிறது, சக்கரத்தின் இயக்கத் தூரம் கூடவில்லை, வண்டியின் பாரமையம் மட்டும் ஏறுகிறது. பொருத்த வேண்டுமானால் கம்பெனிக் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டியிருக்கிறது. அதைத் திருப்ப வழியில்லை. அதற்கேற்ற டயர் போட்டால் இரண்டு டிஃபரென்ஷியல்களிலும் கியர் விகிதத்தை மாற்ற வேண்டும். தோற்றத்துக்காகச் செய்கிறேன் என்று ஒருவர் தெரிந்தே சொன்னால் அது அவர் விருப்பம். கரடான பாதைக்காக என்று சொன்னால், வேண்டாம் என்பேன்.

வாரண்டி போய்விடும் என்ற பயத்தால் எதையும் தொடாதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில், 1975இன் மேக்னசன் மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிப் பாகம் ஒன்று இருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்ட வேண்டும். கிழிந்த சிவி உறைக்கு அதைக் காட்டுவது சுலபம் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களின் நிலைமை வேறு. 2016 முதல் ஸ்ரீசிட்டியில் செய்யப்படும் இசுசு வி-கிராஸும், 2022இல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸும் இதே அமைப்புள்ள வண்டிகள், மேலே சொன்ன இயந்திரக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே கண்டிப்பாக எடுத்துரைத்தது. பணம் செலவழிக்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை எப்போது இறுக்குவீர்கள்? வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகு என்று சொன்னால் அவருக்கு வேலை தெரியும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் பூட்டப்பட்டு, சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் அன்றே செய்ய வேண்டும், சில நூறு மைல் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். 2018 மாடலிலிருந்து டக்கோமாவில் முன்னால் ரேடாரும் கண்ணாடியில் கேமராவும் இருப்பதால் அவற்றின் பார்வையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டை மட்டும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். மூக்கு இரண்டு அங்குலம் எழுந்தால் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வண்டியை வெளியே எடுக்கும் முன், ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி அதைத் தாழ்த்திவிடுங்கள்.